பிழிந்து ஊற்றிய பாகற்காய்

இந்தத் தீவில், டாலிகஞ்சில் இருக்கும் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் சௌமியா கல்யாணமாகிக் கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் போனவள், சென்னையிலேயே வேர் விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் வரும். "சாப்பிட்டியாம்மா? சரி, வச்சிடட்டுமா?" அவ்வளவுதான். அதற்கு எதற்கடி போன்?

போன மழைக்காலத்தில் எனக்குச் சர்க்கரை எகிறியது. உடனே மகாராணிக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. தினமும் காலையில் வீடியோ கால்.

"பாகற்காய் ஜூஸ் குடிம்மா. அதுல ஆன்டி-ஆக்சிடன்ட் அவ்வளவு இருக்காம். அடுத்த டெஸ்ட்லயும் குறையலைன்னா, லீவு போட்டுட்டு வந்து ஒரு மாசம் உன் தலைமாட்டுலயே உக்காந்துடுவேன். பாத்துக்க!"

மிரட்டுகிறாளாம்! எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பாகற்காயை நறுக்கினால் உப்புப் போட்டுப் பிசறி, கசப்புத் தண்ணீரைப் பிழிந்து ஊற்றிவிட்டுத்தான் மறுவேலை. எங்கள் வீட்டில் அப்படித்தான். ஜூஸுக்கும் கைப்பழக்கத்தில் அதையே செய்தேன். நாலு நாள் கழித்து சௌமியா சொன்னாள்: "பிழிஞ்சு கிழிஞ்சு ஊத்திடாதம்மா. அந்தத் தண்ணியிலதான் சத்தெல்லாம் இருக்காம்."

"அப்படியாடி?" என்றேன். அன்றிலிருந்து இன்னும் அழுத்திப் பிழிந்தேன்.

காலையில் முழுக் காயைக் காமிராவில் காட்டுவேன். அவள் பிள்ளைக்கு டிபன் கட்டப் போவாள். அதற்குள் நான் சமையலறையில் பிழிந்து, அலசி, மிக்ஸியில் அடித்து, பச்சை நிறத் தண்ணீர் ஒரு டம்ளர் கொண்டு வருவேன். முகத்தைக் கோணிக்கொண்டு குடிப்பேன். அவள் கைகொட்டிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக வேப்பெண்ணெயைக்கூடக் குடித்திருப்பேன். மாத்திரையை நிறுத்த மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை. செத்து வைத்தால் அவள் வந்தும் என்ன பிரயோஜனம்?

காய் வாடியிருந்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று தினமும் புதுசாக வாங்கப் போனேன். பெரார்கஞ்சிலிருந்து காய் கொண்டுவரும் பெங்காலிப் பெண் மேட்டுக்கு அந்தப் பக்கம் உட்காருவாள். என் தலையைக் கண்டதுமே, "ஆவோ மாஜி, கரேலா ரக்கா ஹை" என்று எனக்கென்று எடுத்து வைத்த பாகற்காயை நீட்டுவாள். சில நாளில் நான் நேரில் பேசிய ஒரே மனுஷி அவள்தான்.

சௌமியா சொன்ன டெஸ்ட்டும் வந்தது. உள் அறையைக் கூட்டி, மெத்தையை வெயிலில் போட்டு, புது உறை மாட்டிவிட்டு ரிப்போர்ட் வாங்கப் போனேன்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பஹுத் அச்சா அம்மா! நல்லாக் குறைஞ்சிருக்கு. என்ன பண்ணீங்க?"

பாகற்காய் ஜூஸ் என்று இழுத்தேன். அவர் தலையை ஆட்டினார். "அது கிடக்கட்டும். நடக்கிறீங்களா?"

நடந்தேனே, பாவி! தினமும் மேடு ஏறி இறங்கினேனே!

குறையவில்லை என்று சௌமியாவிடம் பொய் சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். அதற்குள் அவளே கூப்பிட்டுவிட்டாள். ரிப்போர்ட் அவள் போனுக்கும் போயிருக்கிறது.

"அம்மா! சூப்பர்ம்மா! பாத்தியா ஆன்டி-ஆக்சிடன்ட் பவரை! அப்பாடா, லீவுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன், கேன்சல் பண்ணிட்டேன். இனி தினமும் நான் பாக்கணும்னு இல்ல, நீயே கரெக்டா குடிச்சிடுவ."

இத்தனை நாள் சொல்லாததை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"ஒரு தரம் வந்துட்டுப் போடி சௌமியா. தனியா இருக்க முடியலடி."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"என்னம்மா நீ, அதான் எல்லாம் நார்மலாயிடுச்சே," என்றாள்.