மாப்பிள்ளைக்குப் போட்ட படுக்கை

கஜேந்திரன் தொட்ட எந்தக் காரியமும் உருப்படாது என்பது நானுஓயாப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் லயத்து வரிசை வீடுகளின் நாய்க்குக்கூடத் தெரியும். தெரியாத ஒரே ஆள் வினோதாவின் புருஷன் ஜெயகாந்தன். அவனுக்குக் கஜேந்திரன் அக்கா புருஷன், வீட்டு மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்கிற அந்த ஒரு சொல்லுக்காக ஜெயகாந்தன் எட்டு மாதமாக வெளியே இஸ்தோப்புத் திண்ணையில், பனி மூஞ்சியில் அடிக்கப் படுத்துக் கிடந்தான். வினோதாவும் மகள் தனுஷிகாவும் அடுப்படித் தரையில் பாயைப் போட்டுச் சுருண்டார்கள். இருந்த ஒரே அறையில், இருந்த ஒரே கட்டிலில், மாப்பிள்ளை மல்லாந்து குறட்டை விட்டார்.

அவர் மனைவி பிரேமினி குவைத்தில் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் அனுப்பியதில் வாங்கியதுதான் அந்தப் பழைய டொல்பின் வேன். அதற்குள் படுக்கை அடித்து, கேம்பர் வேன் என்று பேர் வைத்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறாராம். "வேன் ஓடத் தொடங்கட்டும் தங்கச்சி, மறுநாளே டவுன்ல வீடு பாத்துப் போயிருவேன்" என்று வந்த அன்றே சொல்லியிருந்தார். அந்தப் பேச்சை நம்பித்தான் வினோதா எட்டு மாதத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். வேன் ஓடினால் அவள் கட்டில் அவளுக்குக் கிடைக்கும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இத்தனைக்கும் படுக்கையைப் பற்றி அந்தத் தோட்டத்தில் யாருக்காவது தெரியுமென்றால் அது வினோதாவுக்குத்தான். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு. ஒரு நாளைக்குப் பதினாறு கட்டில். விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து, மூலையை மடித்துச் செருகி, தலையணையைத் தட்டி வைத்துவிட்டு வந்தாளென்றால் படுத்தவனுக்கு எழுந்திருக்க மனம் வராது. ஊர் உலகத்துக்கெல்லாம் மெத்தை விரித்துவிட்டு வந்து அவள் படுப்பது சிமெந்துத் தரையில். அவளிடம் ஒரு வார்த்தை யோசனை கேட்டிருக்கலாம். கேட்டால் மாப்பிள்ளையின் கிரீடம் இறங்கிவிடுமே! அவர் போனில் நாலு வீடியோ பார்த்தார். அதோடு இஞ்சினியர் ஆகிவிட்டார்.

வேன் நின்றது லயத்துக்கு முன்னால் மேடேறுகிற கொங்கிரீட் பாதையில். மூக்கை மேலே தூக்கிக்கொண்டு, பின்சில்லுகளுக்குக் கல் முட்டுக் கொடுத்து நின்றது. வேறு எங்கே நிறுத்துவது? சமதரை என்று இருந்தது பெரட்டுக் களம் ஒன்றுதான். காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுகிற அந்த இடத்தில் வேனை விட்டால் வேலையை மேய்க்கிற கண்டாக்கையா சும்மா இருப்பாரா? அந்தச் சரிவிலேயே மாப்பிள்ளை பலகை அறுத்தார், கால் அடித்தார், ரசமட்டத்தை மேலே வைத்துக் குனிந்து குனிந்து பார்த்தார். கண்ணாடிக்குள் இருக்கிற குமிழி நடுவுக்கு வரும்வரை பின்கால்களை உயர்த்திக்கொண்டே போனார். முன்கால் ஒரு சாண் என்றால் பின்கால் இரண்டு சாண் ஆகிவிட்டது.

பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்த வினோதா அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். சரிவில் நிற்கிற வண்டிக்குள் மட்டம் பார்த்தால் அந்தச் சரிவில் மட்டும்தான் அது மட்டம். வண்டியைச் சமதரைக்குக் கொண்டுபோனால் படுக்கையின் பின்பக்கம் ஒரு சாண் தூக்கிக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிகிற விஷயம் இந்த மனுஷனுக்குத் தெரியவில்லையே!

"அண்ணே, ஒன்னு சொல்லவா? இந்தப் பின்காலு..."

மாப்பிள்ளை நிமிரக்கூட இல்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டினார். "தலகாணிக்கு ஒற மாட்டுற வேல வரும்போது கூப்புடுறேன் தங்கச்சி. இது டெக்னிக்கல். மட்டம் பொய் சொல்லாது."

சுற்றி நின்ற ஆம்பிளைகள் சிரித்தார்கள். ஜெயகாந்தனும் சேர்ந்து சிரித்தான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

சரி ராசா, அடி. இன்னும் ஒரு சாண் வேண்டுமானாலும் உயர்த்தி அடி. நாலு பேர் உன் மூஞ்சியில் காறித் துப்புகிற நாள் வரும், அன்றைக்கு நான் முன்வரிசையில் நின்று பார்க்கிறேன். மனதுக்குள் இப்படிச் சொல்லிக்கொண்டு வாயை இறுக மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆணி அடிக்கிற சத்தமும் அவளுக்கு இனித்தது. ஒரு மாதம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சோறாக்கினாள்.

வேலை முடிந்தது. ஸ்பொஞ்ச் மெத்தை வந்தது, ரோசாப்பூப் போட்ட திரைச்சீலை வந்தது, கல்யாண வீடு மாதிரி மின்னுகிற பல்பு வந்தது. வேன் நின்ற சரிவிலேயே மாப்பிள்ளை அதில் ஏறி இரண்டு மணிநேரம் தூங்கி எழுந்து, லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தார்: "ஸ்டார் ஹோட்டல்லயும் இப்புடி ஒரு படுக்க கெடயாது. ராசா படுக்கலாம்!" பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற ராசம்மா ஆசையாக ஓரத்தில் உட்காரப் போனாள். "ஏறாதீங்க, ஏறாதீங்க, ஒங்க சேலையில சாயம் இருக்கும்" என்று ஈயை விரட்டுகிற மாதிரி விரட்டினார். கொழுந்து பறிக்கிறவள் சேலையில் தேயிலைச் சாயம் இல்லாமல் பன்னீரா இருக்கும்?

முதல் சனிக்கிழமை கொழும்பிலிருந்து ஒரு இளம் ஜோடி வந்தது. விரிப்பு விரிக்க மாத்திரம் வினோதாவுக்கு அழைப்பு வந்தது. கண் விழித்தால் பின்கதவு வழியாக மலை தெரிய வேண்டும் என்று மாப்பிள்ளை தலைமாட்டை டிரைவர் சீட்டுப் பக்கம் வைக்கச் சொன்னார். சொன்னபடியே வைத்தாள். நுவரெலியாவில் ஏரிக்கரையோரம் நிறுத்தித் தூங்கிவிட்டு, விடியற்காலையில் பட்டிப்பொல பக்கமாக மலை பார்க்கப் போவதாகச் சொல்லி அவர்கள் வேனை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வினோதா வேலைக்குப் போனால், ஹோட்டல் முற்றத்தில் அந்த வேன் நிற்கிறது! பன்னிரண்டாம் அறையில் அந்த ஜோடியின் பெண் அனோஜா, கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கம்பளி அதிகமாகக் கேட்டவள், கொண்டுவந்தது யார் என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் கொட்டித் தீர்த்தாள்.

"அந்த வேன் படுக்கை இருக்கே அக்கா, ஐயோ! தலை கீழே, கால் மேலே. ரத்தமெல்லாம் மூஞ்சிக்கு வந்திட்டு. தலைமாட்டை மாத்திப் படுத்தால் வழுக்குது. விடிய எழும்பிப் பார்த்தால் ரெண்டு பேரும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால மடங்கிக் கிடக்கிறோம். அதைக் கட்டின ஆளுக்கு மூளை என்று ஒன்று இருக்கா?"

வினோதா கம்பளியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். வயிறு குலுங்கியது. அப்பாடா! டெக்னிக்கலாம், டெக்னிக்கல்! இதை அந்த மனுஷன் காதால் கேட்டிருக்க வேண்டுமே என்று அவளுக்குத் தவிப்பாக இருந்தது.

"இவர் படம் எடுத்து நெட்டில போட்டிட்டார்" என்றாள் அனோஜா. "அதுக்குள்ள எத்தனை பேர் பார்த்திட்டாங்க தெரியுமா? இனிமேல் அந்த வேனை யாரும் தொட மாட்டாங்க."

வினோதா கம்பளியை வாயிலிருந்து எடுத்தாள். யாரும் தொட மாட்டார்கள். தொடாவிட்டால் வேன் ஓடாது. ஓடாவிட்டால் மாப்பிள்ளைக்கு டவுனும் இல்லை, வீடும் இல்லை. அன்றைக்குப் பதினாறு கட்டிலையும் அவள் எப்படி விரித்தாள் என்பது அவளுக்கே தெரியாது.

மாலை நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். வேன் பழைய இடத்தில் கல் முட்டோடு நின்றது. அவளுடைய கட்டிலில் மாப்பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பி, தலையோடு போர்த்திக்கொண்டு கிடந்தார். கொழும்புக்காரர்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் வேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று லயத்தில் சொல்லி வைத்திருந்தாராம். உண்மை தெரிந்தது ஜெயகாந்தனுக்கு மட்டும். அவன் இஸ்தோப்பிலேயே அவளை மறித்தான்.

"சத்தம் போடாத புள்ள. மாப்பிள்ள மனசு ஒடஞ்சி கெடக்காரு. வேற யாவாரம் பாக்கணுமாம். ஒரு வருசம் பொறுத்துக்க."

"ஒரு வருசமா?"

"என்னா செய்ய? ஒனக்குப் படுக்க வேல தெரியுமே, நீயாச்சும் பாத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்ல வந்தேன். நீங்களுந்தான சேந்து சிரிச்சீங்க!"

"சிரிச்சேன், ஒத்துக்கறேன். அதுக்கு? ஒரு மாசம் பாத்துக்கிட்டே இருந்தியா? என்கிட்ட தனியா ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவ?"

 அவன் சொன்னது நிஜம். அந்த ஆள் அவமானப்படுவதைப் பார்க்கிற ஆசையில் தன் கட்டிலைத் தானே அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள்.  ஜெயகாந்தனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"அண்ணே, எந்திரிங்க."

போர்வை அசைந்தது. "என்னா தங்கச்சி?"

"எந்திரிங்கன்னேன்."

குரலில் என்ன இருந்ததோ, மாப்பிள்ளை எழுந்து நின்றார். அவள் அவருடைய தலையணை, போர்வை, பை, சார்ஜர், தலைக்கு வைக்கிற எண்ணெய்ப் போத்தல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வேனுக்கு நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை, லயமே வெளியில் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் பார்க்க, ஹோட்டலில் விரிக்கிறதைவிட அழகாக விரித்தாள். மூலை மடித்தாள், தலையணையைத் தட்டி நிமிர்த்தினாள். பிறகு வேன் படியில் நின்றுகொண்டு உரக்கச் சொன்னாள்.

"இனிமே மாப்பிள்ளைக்குத் தனி ரூம்! ஸ்டார் ஹோட்டல்லயும் இப்புடிப் படுக்க கெடயாதுன்னு அண்ணனே சொன்னாரு. அதச் சும்மா பூட்டி வச்சிட்டு, வீட்டு மாப்பிள்ளைய நம்ம ஒடஞ்ச கட்டில்ல போடுறது மரியாதையா? நீங்களே சொல்லுங்க!"

"அதானே!" என்றாள் ராசம்மா, சேலையை உதறிக்கொண்டு. "ராசா படுக்கிற படுக்கையாச்சே! ஏறுங்க மாப்பிள்ள."

பின்னாலேயே வந்த மாப்பிள்ளை வேன் படிக்கு முன்னால் நின்றார். மாட்டேன் என்றால் படுக்கை சரியில்லை என்று ஊரறியச் சொல்ல வேண்டும். ஜெயகாந்தனைப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு மரியாதை என்று சொன்ன பிறகு அவன் என்ன பேசுவான்? தலையைக் குனிந்துகொண்டான். கஜேந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டு வேனுக்குள் ஏறினார். வேன் நின்ற அந்தச் சரிவில் படுக்கை வசதியாகத்தான் இருந்தது, அதிலொன்றும் குறையில்லை.

வினோதா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மெத்தையைப் புரட்டிப் போட்டு, அந்த எண்ணெய் வாடை போகத் தட்டி, துவைத்த விரிப்பை விரித்துப் படுத்தாள். தனுஷிகா ஓடிவந்து பக்கத்தில் விழுந்து, மூச்சு விடுவதற்குள் தூங்கிவிட்டாள். வெளியே இன்னும் வெயில் இருந்தது.

விழுந்து விழுந்து சிரிக்கலாம் என்றுதான் நினைத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை. எந்திரிங்க என்று ஒரு சொல்; சொன்னதும் அந்த ஆள் எழுந்துவிட்டார். எட்டு மாதத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அதைச் சொல்லிப் பார்த்தாளா? பிள்ளையைச் சிமெந்தில் போட்டுக்கொண்டு, மனதுக்குள் அவரை ஆயிரம் திட்டு திட்டினாள். வாயைத் திறந்து அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. இவளா அவரைப் பார்த்துக் கேலி பேசினாள்?

"தூ" என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டு, வினோதா காலை நீட்டிப் படுத்தாள்.