செத்தவன் மேல் ஒரு மஞ்சள் அட்டை

கால்பந்து நடுவர் இரண்டாம் நிலைத் தகுதியிலேயே ஆணி அடித்தாற்போல் கிடந்தார். அவருக்குப் பின்னால் விசில் பிடித்தவர்கள் எல்லாம் டிவியில் வரும் கால்பந்து ஆட்டங்களுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் பாதி புல், பாதி மண் மைதானங்களில் ஓடிக்கொண்டிருந்தார். கடைசியில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, காசு கொடுத்து ஒரு வழிகாட்டிப் பயிற்சியில் சேர்ந்தார். அதை நடத்தியவர் ஓய்வுபெற்ற பெரிய நடுவர். 'பெரிய விசில்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

பெரிய விசில் இவருடைய பழைய ஆட்டங்களைத் திரையில் ஓட்டினார். எவனாவது விழுந்தால் போதும், நடுவர் ஓடிப்போய்க் குனிந்து முகத்தைப் பார்க்கிறார்.

"என்னங்க இது, பெத்த தாய் மாதிரி ஓடுறீங்க? முகம் நடிக்கும். காலைப் பாருங்க, பந்தைப் பாருங்க, முடிவைக் காட்டிட்டுத் திரும்பி நடங்க. இந்த ஒரு வியாதிதான் உங்களை மேல விடல."

வகுப்பே சிரித்தது. நடுவருக்குச் சுருக்கென்றது, ஆனாலும் ஆள் சொல்வது நியாயம் என்றே பட்டது. வீட்டில் பீரோக் கண்ணாடி முன் நின்று அட்டையை எடுப்பதும் திரும்பி நடப்பதுமாகப் பழகினார். "அடுத்து எனக்குத்தான் அட்டையா?" என்று மனைவி கிண்டல் செய்தாள்.

தேர்வு ஆட்டம் வந்தது. நடுவருக்கு மார்க் போடும் மதிப்பீட்டாளர் கேலரியில் உட்கார்ந்திருந்தார். இது நன்றாக முடிந்தால் முதல் நிலை. கோல் பக்கத்தில் ஒருவன் சரிந்து விழுந்தான். யாரும் அவனைத் தொடவில்லை. பெனால்டிக்கு நடிக்கிறான், வேறென்ன? விசில், மஞ்சள் அட்டை, திரும்பி நடை. கண்ணாடியில் வந்ததைவிட அழகாக வந்தது. ஃப்ரீ கிக் அடித்துப் பந்து நடுக்கோட்டைத் தாண்டிய பிறகுதான் எதிரணிக்காரன் ஒருவன் கத்தினான்.

"சார், இவன் மூச்சு விடல."

இதயம் நின்றிருந்தது. ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பாவி மனிதருக்கு அது நன்றாகவே தெரியும்.

கருமாதி எல்லாம் முடிந்து இறந்தவனின் அப்பா வீடு தேடி வந்தார். உள்ளே வரவில்லை.

"உங்களைக் குத்தம் சொல்ல வரல தம்பி. அவன் நடிச்சான்னு பதிவாகியிருக்காம். அதை மட்டும் எடுத்துடுங்க. அவனுக்கு நடிக்கவே தெரியாது."

நடுவர் அந்த அப்பாவின் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழுதிக் குடுத்துடுங்க," என்றாள் மனைவி. "செத்தவன் மேல எதுக்குப் பழி?"

கால்பந்து சங்கத்துக்கு ஒரே வரி எழுதினால் போதும்: தவறு என்னுடையது. பேனாவை எடுத்தவர், பெரிய விசிலுக்குப் போன் போட்டார்.

"எழுதினீங்கன்னா உங்க கதை முடிஞ்சுது. மதிப்பீட்டாளர் என்ன போட்டிருக்கார் தெரியுமா? உறுதி, நிக்கிற இடம், உடல்மொழி, எல்லாத்துக்கும் முழு மார்க். வாயை மூடிட்டு இருங்க."

மூடிக்கொண்டார். முதல் நிலையும் வந்தது. மனைவி மட்டும் அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

அடுத்த வகுப்புக்குப் பெரிய விசில் அவரைக் கூப்பிட்டு எல்லோர் முன்னும் நிறுத்தினார். புதிதாகப் பணம் கட்டியிருந்த பெண் நடுவர் ஒருத்தி எழுந்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க சார். இதுல சேர்ந்தா முன்னேற முடியுமா?"

"முடியும்," என்றார் நடுவர், அவள் முகத்தைப் பார்க்காமல், கால்களைப் பார்த்து.