மாரியாயி ஊற்றிய தண்ணீர்

விசுவாசம் என்பது என்ன? இந்தக் கேள்விக்குப் பதினான்கு வருஷமாகக் கையில் பிரம்பை வைத்துக்கொண்டு பதில் வாங்கினவன் நான். பாலக்கரையில் உபதேசியார் பிச்சமுத்து வருகிறார் என்றால் பிள்ளைகள் சந்துக்குள் ஓடி ஒளியும். ஞானோபதேசக் கேள்வி-பதிலில் ஒரு வார்த்தை தப்பினாலும் விடமாட்டேன். அப்பேர்ப்பட்ட எனக்கு ஐம்பத்தெட்டாம் வருஷம் மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து என் மனைவி செல்வமேரி உண்டாகியிருந்தாள். பிரசவம் பார்க்க எங்கள் தெரு மருத்துவச்சி மாரியாயி வந்தாள். அவள் எங்களைப்போல வேதக்காரி அல்ல. நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருப்பாள், வருஷம் தவறாமல் சமயபுரத்துக்கு நடந்து போவாள். "வேப்பிலை, திருநீறு ஒண்ணும் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். "சரிங்க உபதேசியாரே" என்று மடியிலிருந்த திருநீற்று முடிச்சை வாசப்படியில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

அவளுக்கும் எனக்கும் ஏற்கெனவே ஒரு வழக்கு இருந்தது. ஆறு மாசம் முன்னால், மருத்துவச்சிகளுக்கு ஆபத்து ஞானஸ்நானம் சொல்லிக்கொடுக்கும்படி பங்குச் சாமியார் எனக்கு உத்தரவு போட்டிருந்தார். பிறந்த பிள்ளை பிழைக்காது என்று தெரிந்து, குருவானவரும் பக்கத்தில் இல்லையென்றால், யார் வேண்டுமானாலும் அதன் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நான வாக்கியத்தைச் சொல்லலாம். வேதத்தில் சேராதவர்கள் சொன்னாலும் அது செல்லும். மாரியாயியை உட்காரவைத்து நாற்பது தடவை சொல்லவைத்தேன். பரிசுத்த ஆவியைச் சொல்லும் 'இஸ்பிரித்து சாந்து' என்கிற இடத்தில் அவளுக்கு நாக்கு புரளவே இல்லை. "மண்டையில என்ன களிமண்ணா இருக்கு?" என்று திட்டினேன். ஒருவழியாகச் சொல்லி முடித்ததும் அவள் ஒன்று கேட்டாள்.

"இதச் சொன்னா புள்ள பொழைச்சுக்குமாங்க?"

"பொழைக்காது. ஆனா மோட்சத்துக்குப் போவும்."

"நெசமாவா?"

"பின்ன, நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்று எரிந்து விழுந்தேன்.

அன்று வைகுண்ட ஏகாதசி. காலை எட்டு மணிக்குப் பிள்ளை பிறந்தான். அழவில்லை. உடம்பெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது. மாரியாயி தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், வாயில் வாய் வைத்து ஊதினாள். லேசாக ஒரு முனகல் வந்தது, அவ்வளவுதான். செல்வமேரிக்கு நினைவில்லை. மாரியாயி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது நிக்காதுங்க. தண்ணிய ஊத்திடுங்க."

"வாயக் கழுவுடி!" என்று கத்தினேன். "நான் போயி சாமியாரக் கூட்டியாரேன்."

"யாரு வேணா ஊத்தலாம்னு நீங்கதானங்க சொன்னீங்க?"

சைக்கிளை எடுத்தேன். ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளைக்குக் கோயில் மணி அடிக்கமாட்டார்கள். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியேதான் குழி வெட்டுவார்கள். ஆண்டவருடைய முகத்தை அது பார்க்கவே பார்க்காது என்று வகுப்பில் சொன்னவனும் நான்தான். அத்தனையும் தெரிந்துதான் பெடலை மிதித்தேன்.

கோயிலில் சாமியார் இல்லை. ஸ்ரீரங்கத்தில் சாகக் கிடந்த ரயில்வே கார்டு ஒருவருக்கு கடைசி எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப் போய்விட்டாராம். சொர்க்கவாசல் திறக்கிற அன்றைக்கா ஸ்ரீரங்கம் போகவேண்டும்! பாதி வழியில் இருக்கும் சத்திரத்தைத் தாண்டுவதற்குள்ளேயே திணறிப்போனேன். காவிரிப் பாலத்தில் ஈ நுழைய இடமில்லை. ரங்கா ரங்கா என்று ஊரே திரண்டு நடந்தது. "தள்ளுங்கய்யா, புள்ள சாவுது!" என்று அலறினேன். நாமம் போட்ட பெரியவர் ஒருவர் கைகளை விரித்துக் கூட்டத்தை விலக்கி எனக்கு வழி விட்டார். அவருக்கு நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை.

கார்டு வீட்டைத் தேடிப் பிடித்து, சாமியாரோடு குதிரைவண்டியில் திரும்பும்போது பதினொன்றேகால். மாரியாயி வாசப்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெள்ளைத் துணி சுற்றிய பொட்டலம்.

"எப்ப?" என்றேன்.

"நீங்க சந்து திரும்பறதுக்குள்ளங்க."

மூன்று மணி நேரம்! நான் கத்தி, முட்டி மோதி ஓடியதெல்லாம் செத்த பிள்ளைக்காகவா? கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"தண்ணி ஊத்திட்டேங்க" என்றாள் மெதுவாக.

"யாரக் கேட்டுடி ஊத்தின?"

எனக்குள்ளிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது. ஆண்டவரே, வேறு எந்த வார்த்தையும் கிடைக்கவில்லையா எனக்கு? சாமியார் என் தோளைப் பிடித்து அழுத்தினார். "வாய மூடு, பிச்சமுத்து" என்று சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"என்ன தண்ணிம்மா?"

"கெணத்துத் தண்ணிங்க. லேசா வெந்நி கலந்து ஊத்தினேன். குளுருமேன்னு."

"என்ன சொன்ன?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அந்தோணி, நான் உன்னைப் பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரித்து சாந்துவுடையவும் நாமத்தினாலே கழுவுகிறேன்." ஒரு எழுத்துத் தப்பவில்லை. "எனக்குத் தெரிஞ்ச வேதக்காரப் பேரு அது ஒண்ணுதாங்க. அந்த நேரத்துல உசுரு இருந்துச்சு, என் விரலப் புடிச்சான்."

"என்ன நெனச்சுக்கிட்டு ஊத்தின?"

"உபதேசியார் சொன்ன சாமிகிட்ட புள்ளய ஒப்படைக்கணும்னு நெனச்சேன். எனக்கு அந்தச் சாமியத் தெரியாதுங்க. ஆனா உபதேசியாரு பொய் சொல்லமாட்டாரு."

"செல்லும்" என்றார் சாமியார். "மணி அடிக்கச் சொல்லு" என்று வண்டிக்காரனைக் கோயிலுக்கு அனுப்பினார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நீ ஏன் ஊத்தல?"

என்ன சொல்ல? தண்ணீரை ஊற்றினால் பிள்ளை செத்துவிடும் என்று பயந்தேன். ஆபத்து ஞானஸ்நானம் சாவுக்குச் சீட்டு எழுதுகிற மாதிரி என்று எனக்குள் ஒரு பீதி. பூனை குறுக்கே போனது என்று திரும்பி வந்த பையன்களை அதற்காகவே பிரம்பால் விளாசியவன் நான்.

"பெத்தவருங்க. பயம் இருக்காதா?" என்று எனக்காக மாரியாயி சொன்னாள். அது என்னைச் செருப்பால் அடித்தமாதிரி இருந்தது.

"ஏன் மாரியாயி, ஒனக்குப் பயமா இல்லையா? உங்க அம்மன் கோவிச்சுக்கமாட்டாளா?" என்று கேட்டார் சாமியார்.

"கோவிச்சா என்னையத்தான கோவிப்பா, வாங்கிக்கறேன். புள்ள தவிச்சுக்கிட்டு இருக்கையில அதயெல்லாமா பாக்கறது?"

உள்ளே செல்வமேரி முனகினாள். மூவரும் போனோம். அவள் பிள்ளையைக் கேட்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்ததுமே தெரிந்துபோயிருக்கும். உதடு காய்ந்திருந்தது. என்னை மட்டும் பார்த்துக் கேட்டாள்.

"ஊத்தினீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் நம்பிவிடுவாள். மாரியாயியும் காட்டிக்கொடுக்கமாட்டாள். அவள் குனிந்து தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு நுனிவரை அந்தப் பொய் வந்தது.

"நான் ஊத்தல, மேரி" என்றேன். "நான் ஓடிட்டேன். மாரியாயிதான் ஊத்தினா."

கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. செல்வமேரி மாரியாயியின் வலது கையைத் தேடிப் பிடித்து, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு அழுதாள். என் கையும் கட்டில் ஓரத்தில்தான் இருந்தது.