பண்ணையாருக்குப் பொட்டு

ரொடெல் டிமலாந்தா மணிலா ஓவியர். ராணுவச் சட்டக் காலத்தில் சுவரொட்டி வரைந்து சிறைக்குப் போனார். வெளியே வந்தபின் அரிசிச் சாக்குகளில் வரைந்தார். சாக்கைப் பிரித்துத் தைத்து, பசையில் சுண்ணாம்புத் தூளைக் கலந்து பூசினால் துணி இறுகும். அதன்மேல் மெல்லிய வண்ணம். வார்னிஷ் கூடாது, மடித்தால் வெடிக்கும். மடிக்க முடிந்தால்தானே போலீஸ் வரும்போது பாய்க்கடியில் ஒளிக்கலாம்?

எல்லாப் படத்திலும் ஒரே பண்ணையார் வருவார்: வெள்ளைச் சட்டை, தொந்தி, கைத்தடி. ரொடெலின் அப்பாவை நிலத்தைவிட்டு விரட்டியவர். அந்த ஆளை யாரும் ஒருநாளும் மதித்துவிடக் கூடாது என்றுதான் இத்தனை ஆண்டுகள் வரைந்தார்.

1996இல் மயிலாப்பூர் சபா மண்டபம் ஒன்றில் அவருடைய கண்காட்சி. மாலையில் திறப்பு. காலையில் ரொடெல் வந்து பார்த்தபோது நடுவில் மாட்டியிருந்த பெரிய படத்தில் பண்ணையார் ரோஜா மாலையும், நெற்றியில் சந்தனம் குங்குமமுமாக இருந்தார். முன்னால் ஊதுபத்தி புகைந்தது.

சபா செயலாளர் சுப்பராமன் மனைவியைப் பார்த்தார். "சூடா, இது யாருன்னு நெனச்சே?"

"டொனேஷன் குடுத்தவர்னுதான்," என்றாள் சூடாமணி. "இங்க மாட்டற பெரிய மனுஷாளுக்கெல்லாம் நான்தானே பொட்டு வைக்கறேன்?"

"குடுத்தவர் இல்லடி, பிடுங்கினவர்."

"கால்கிட்ட அத்தனை பேர் குனிஞ்சுண்டிருக்காளே, சேவிக்கறாளாக்கும்னு நெனச்சேன்."

"நாத்து நடறாடி!"

சுப்பராமன் ஈரத்துணியோடு பாய்ந்தார். ரொடெல் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். சுண்ணாம்புப் பூச்சு மை ஒற்றும் தாளைப் போன்றது. குழைத்த குங்குமம் உள்ளே இறங்கியாயிற்று. துடைத்தால் நெற்றியும் சேர்ந்து வரும்.

"மேலே வண்ணம் பூசிவிட்டால்?"

"சிவப்பு மறுபடி ஊறி வெளியே வரும்."

ரொடெல் தூரிகைகளை எடுத்து வந்தார். பிறகு, பொட்டு வைத்தபோது நின்ற மாதிரியே கிண்ணத்தோடு நிற்க முடியுமா என்று சூடாமணியைக் கேட்டார். அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

பிற்பகலுக்குள் பண்ணையாருக்குப் பக்கத்தில் ஒரு பட்டுப்புடவைப் பெண்மணி உண்டாகிவிட்டாள். குதிகாலை உயர்த்தி அவருக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், முழங்கால்வரை சேற்றில், நாற்று நடுபவர்கள். பொட்டு யார் யாருக்கு வைத்தது என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் வராது.

சூடாமணி கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"ஏன்னா, மூக்குத்தி ஒரு பக்கம்தான் போட்டிருக்கார். எனக்கு ரெண்டு பக்கமும் வைரமாச்சே, கேளுங்கோ."

சுப்பராமன் கேட்டார். பண்ணையாரைக் கும்பிடுகிறவள் நன்றாக ஜொலித்தால் படத்துக்கு நல்லதுதான் என்று ரொடெலுக்குத் தோன்றியது. தூரிகையை வெள்ளையில் தோய்த்தார்.