மாட்டுக்குச் செய்வதெல்லாம்

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. ஒரு பத்திரிகையின் மருத்துவ மலருக்கு, கடுமையாக உடற்பயிற்சி செய்கிறவர்கள் உடம்பைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று இரண்டு பக்கம் கேட்டார்கள். நானும் உட்கார்ந்து, “ஓடுவதற்கு முன் மெல்ல நடந்து உடம்பைச் சூடாக்க வேண்டும். ஓடி முடித்ததும் சட்டென்று நிற்கக் கூடாது, நடந்து ஆற்ற வேண்டும். வலி கண்டால் ஓய்வு” என்று எழுதினேன். எழுதியதைப் படித்தால் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் பந்தய மாட்டுக்கு இதைத்தான் செய்வார்கள். மாட்டுக்கு மட்டும்தான்.

அந்த ‘மட்டும்’ என்னைப் பிடித்துக்கொண்டது. மலர்க்காரர்களிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு இதைத் தொடங்கினேன்.

காலம், சமஸ்தானம் இருந்த காலம். முப்பதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர், கறம்பக்குடிக்குப் பக்கத்தில் ஒன்று. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

2

முதல் தொடக்கம்: “புழுதி பறக்க, சலங்கை குலுங்க, மயிலையும் செவலையும் காற்றாய்—”

அடித்துவிட்டேன். மாடுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றுக்குக் கதை தேவையில்லை.

இரண்டாம் தொடக்கம்: “நாகராசு ஓடப் பிறந்தவன். அவனுடைய கால்கள்—”

இதுவும் வேண்டாம். ஓடப் பிறந்தவன் என்று சொல்லிவிட்டால், விழுந்து செத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

மூன்றாவது: செங்கமலம் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இது நிற்கும்.

சோலையப்பன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் அவளுக்கு வேலை. பந்தய மாடுகளான மயிலைக்கும் செவலைக்கும் பருத்திக்கொட்டை ஆட்ட வேண்டும், கொள்ளு அவிக்க வேண்டும். அவள் புருசன் நாகராசுக்கும் அங்கேதான் பிழைப்பு. பந்தயத்தன்று வண்டிக்காரன் திருப்பதி மேலே உட்கார்ந்து கயிற்றைப் பிடிப்பான். நாகராசு வெறுங்காலோடு வண்டியோடு ஓட வேண்டும். மாட்டை அதட்ட வேண்டும், எல்லைக் கம்பத்தில் நுகத்தடியைப் பிடித்துத் திருப்பிவிட வேண்டும். முடியாவிட்டால் பின்பக்கம் தொற்றி ஏறிக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் ஏறினால் மாட்டுக்குப் பாரம். ஏறியவனுக்கு ‘மூட்டை’ என்று பேர் வைத்துவிடுவார்கள். அந்தப் பேர் அவன் பேரன் வரைக்கும் போகும்.

3

இலுப்பூர்ப் பந்தயத்தில் சோலையப்பன் மாடுகள் முதலாவதாக வந்தன. வந்ததும் ஆளாளுக்கு ஓடினார்கள். ஒருவன் மயிலையை அவிழ்த்து மெல்ல நடத்திக்கொண்டு போனான். ஒருவன் செவலையின் வேர்வையைத் துடைத்தான். “இளைப்பு அடங்கட்டும், அதுக்குள்ள தண்ணி காட்டாதீங்கப்பா” என்று சோலையப்பன் கத்திக்கொண்டே கூட நடந்தார்.

நாகராசு ஒரு குடம் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்தான்,* புளியமரத்தடியில் சாய்ந்தான். சாய்ந்தவனை வண்டியில் தூக்கிப் போட்டுத்தான் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் காலையில் வேலியோரம் ஒதுங்கியவன் செங்கமலத்தைக் கூப்பிட்டான். மண்ணில் கிடந்த ஈரம் கறுப்பாக, கருப்பட்டி கரைத்து ஊற்றினாற்போல இருந்தது.**

“வெய்யில் சூடு” என்றான். சொன்ன குரலில் பயம் இருந்தது.

இளநீர் கொடுத்தாள். நிறம் தெளிந்தது. அவன் மறந்துவிட்டான், அவளால் மறக்க முடியவில்லை.

[* என் டாக்டர் நண்பர் இதைப் படித்துவிட்டு, “மனுஷன் ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கணும், தண்ணீர் கொடுக்காதேன்னு எழுதிடாதே” என்றார். எழுதவில்லை. அந்தச் சட்டம் மாட்டோடு போகட்டும்.]

[** அளவு மீறி உழைத்தால் தசை நொறுங்கி ரத்தத்தில் கலக்கும். அதை வடிகட்டி வடிகட்டிச் சிறுநீரகம் ஓய்ந்துபோகும். இதுவும் அவர் சொன்னதுதான். செங்கமலத்துக்கு இதெல்லாம் தெரியாது. அடுத்த தடவை இவன் பிழைக்க மாட்டான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.]

4

இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தக் காலத்தில், அந்த வீட்டில், கொள்ளு அவிக்கிறவள் முதலாளி முன்னால் போய் நின்று பேசுவாளா? பேச வைப்பதற்கு வசதியாகச் சோலையப்பனைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். பெரிய மீசை வைத்தேன், கையில் சாட்டை கொடுத்தேன். மனிதர் சாட்டையைக் கீழே போட்டுவிட்டு மயிலையின் காலுக்கு எண்ணெய் தேய்க்கக் குந்திவிட்டார். சரி, அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். செங்கமலமும் அந்த நேரம் பார்த்துத்தான் போனாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு தாயி.”

“பொன்னமராவதிப் பந்தயம் வருதுல்ல. அதுவரைக்கும் மயிலைய ஏர்ல பூட்டுவீங்களா?”

“எவனாச்சும் பூட்டுவானா? காலு அசந்துராது?”

“அவர மட்டும் தெனம் தண்ணி எறைக்க ஏத்தம் மிதிக்கச் சொல்றீங்களே.”

சோலையப்பன் சிரித்துவிட்டார். “அவன் என்ன மாடா?”

“மாடா இருந்தா நான் ஏன் இங்கிட்டு வாரேன்? நீங்களே பாத்துக்குவீங்க.”

அவர் கை நின்றது. வேறு யாராவது சொல்லியிருந்தால் வாய்த் துடுக்கு என்று விரட்டியிருப்பார். அவள் குரலில் துடுக்கு இல்லை. கொட்டகையில் தினமும் பார்ப்பதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

“ஓட்டத்துல மயிலைக்குக் காலு இழுத்துச்சுன்னா?” என்று கேட்டாள்.

“நிறுத்தி அவுத்துருவேன். பந்தயம் போனா போகுது.”

“அவருக்கு இழுத்தா?”

அவர் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பிறகு, “ஏறிக்கிடச் சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நாளையிலேருந்து ஏத்தத்துக்கு வேற ஆளப் போட்டுக்கறேன்” என்றார்.

இந்தச் சண்டையை நான்கு பக்கத்துக்கு இழுக்கலாம் என்று இருந்தேன். ஒரே நிமிடத்தில் முடிந்துவிட்டது. கதைக்கு நஷ்டம்தான். ஆனால் செங்கமலத்துக்கு வந்த லாபத்தைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

5

அன்றிலிருந்து மாட்டுக்குச் செய்வதெல்லாம் நாகராசுக்கும் நடந்தது. கொள்ளை அவித்துக் கையில் கொடுத்தாள். ஓடப் பழகும் முன் கண்மாய்க்கரை வரைக்கும் நடக்க வைத்தாள். ஓடிவிட்டு வந்தால், “உக்காராதீங்க, நடங்க” என்று அங்கிட்டும் இங்கிட்டும் விரட்டினாள். தொடைக்கு வேப்பெண்ணெயைச் சூடு காட்டித் தேய்த்தாள். ஊரில் கேலிக்குக் குறைச்சலா? “நாகராசு, ஒனக்குச் சலங்கை எப்பக் கட்டுறாக?” என்றார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். உள்ளூர அவனுக்குப் பிடித்திருந்தது. அந்த உடம்பை அதுவரை யாரும் இப்படித் தேய்த்துவிட்டதில்லை.

ஒன்றுக்கு மட்டும் அவன் மசியவில்லை.

“காலு இழுத்தா ஏறிக்கங்க. அண்ணனே சொல்லிட்டாரு.”

“அவரு சொல்லுவாரு. மூட்டைன்னு கூப்புடப் போறது அவரையா, என்னையா?”

“கூப்புட்டா கூப்புட்டுட்டுப் போறானுக. என்னன்னு திரும்பிப் பாக்க நீங்க உசுரோட இருக்கணும்ல?”

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டான். அப்போதுதான் செங்கமலத்துக்கு அழுகை வந்தது. முதலாளியிடம் பேசும்போது வராத அழுகை. சோலையப்பன் ஒரு பேச்சில் வழிக்கு வந்தார். இவன் தன் உடம்புக்கே முதலாளியாக இருந்தான், அவரைவிடக் கறாரான முதலாளி.

(இந்த வரியை மலருக்கு அனுப்பியிருந்தால் கட்டுரை அங்கேயே முடிந்திருக்கும். நல்லவேளை, அனுப்பவில்லை.)

6

பொன்னமராவதி. மாடுகள் கிளம்பின. எல்லைக் கம்பத்தில் நாகராசு நுகத்தைப் பிடித்துத் திருப்பியபோது சோலையப்பன் வண்டிதான் முன்னால். ஒரு வண்டி நீளம் பின்னால் கீரனூரான் வண்டி. திருப்பிவிட்டு அவன் எட்டு வைத்தபோது வலது தொடையில் சதை சுருட்டிக்கொண்டது. நொண்டி நொண்டி ஓடி வண்டியின் பின்கட்டையைப் பிடித்துவிட்டான்.

“ஏறுறா!” என்று திருப்பதி திரும்பிப் பார்க்காமலே கத்தினான்.

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

அ. ஏறவில்லை. மாடுகள் ஜெயிக்கின்றன. கொம்பில் மாலை விழும்போது அவன் புழுதியில் விழுகிறான். நன்றாக எழுத வந்தது. அதனாலேயே கிழித்துப்போட்டேன். ஏழை செத்தால் கதைக்குக் கனம் கூடும் என்று நம்புகிற ஆள் நான் இல்லை.

ஆ. ஏறுகிறான், அப்படியும் ஜெயிக்கிறார்கள். இதை எழுத எனக்கே வெட்கமாக இருந்தது.

இ. ஏறுகிறான், தோற்கிறார்கள். மூட்டை என்ற பேரோடு கிழவனாகிற வரைக்கும் இருக்கிறான். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் அவன் கை பின்கட்டையில் இருக்கிறது, கால் தரையில் இருக்கிறது. என் பேனா எவ்வளவு தள்ளினாலும் அந்தக் கால் எழும்ப மாட்டேன்

7

வாக்கியத்தை முடிக்காமல் வந்துவிட்டேன். முடிவை உங்களிடம் விடுகிறேன். விடுவதற்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள். என் பக்கத்திலிருந்து பார்க்காதீர்கள், பந்தயம் முடிகிற கோட்டில் செங்கமலம் நிற்கும் இடத்துக்கு வந்து பாருங்கள்.

கையில் வெந்நீர்ச் செம்பு, தோளில் துண்டு. சாலை வளைவில் புழுதி கிளம்புகிறது. கூட்டம் முழுக்க எம்பி எம்பி, முன்னால் வருவது யார் மாடு என்று கொம்பைப் பார்க்கிறது. “மயிலை! மயிலை!” என்று சத்தம். அவள் கொம்பைப் பார்க்கவில்லை. வண்டியோடு ஓடுகிறவன் அந்தப் புழுதியில் தெரிய மாட்டான். ஏறி உட்கார்ந்திருந்தால் மட்டும்தான் தலை தெரியும்.

திருப்பதியின் சிவப்புத் தலைப்பாகை தெரிகிறது. அதற்குப் பின்னால் இன்னொரு தலை தெரிகிறதா என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உங்களுக்குத் தெரிந்தால் அவளிடம் சொல்லுங்கள்.