மூன்றாம் துணைப் பிரதமர் அலுவலகம்: கலைக்க மறந்த பதினான்கு மாதங்கள்

1

இதைக் கதையாக எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. பெல்கிரேடு ஆவணக் காப்பகம் ஒன்றில் அதிகாரியாக இருக்கும் ஒக்னியென், என்னிடம் பள்ளியில் வரலாறு படித்தவன், ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, "சார், சும்மாதான இருக்கீங்க?" என்றான். ஓய்வுபெற்ற ஆசிரியனிடம் கேட்கக்கூடாத கேள்வி. எங்கள் பழைய கூட்டு நாட்டின் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் நாற்பது பக்கத்தில் ஒரு வரலாறு வேண்டுமாம். (அந்த நாடு இப்போது ஆறாகக் கிடக்கிறதா ஏழாகக் கிடக்கிறதா என்று கேட்காதீர்கள், எங்கள் ஊர்க் காப்பிக்கடைகளில் அதற்கே நாற்காலி பறக்கும்.) ராணுவம், வெளியுறவு போன்ற சதைப்பிடிப்பான அலுவலகங்களைப் பேராசிரியர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது மூன்றாம் துணைப் பிரதமர் அலுவலகம்.

"அவரு என்னடா வேலை பார்த்தாரு?"

"அதக் கண்டுபிடிக்கத்தான சார் உங்களக் கூப்பிட்டேன்."

2

[வரைவு ஒன்று: "நவீன அரசியல் நிர்வாக வரலாற்றில் துணைப் பிரதமர் பதவியின் தோற்றம் குறித்து ஆராயப் புகுங்கால்..." இங்கேயே எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.]

[வரைவு இரண்டு: "அந்தக் காலையில் சாவா நதியின் மீது பனிமூட்டம்..." பனிமூட்டம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.]

நடந்ததையே சொல்கிறேன். பிரதமர் ஒரு மாகாணத்துக்காரர் என்பதால் முதல் துணை வேறு மாகாணத்தவராக இருக்கவேண்டியிருந்தது. இருவரும் கூட்டுச் சேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று இரண்டாம் துணை வந்தார். தனக்கு மட்டும் துணைப் பிரதமர் இல்லையென்று இன்னொரு மாகாணம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள, தனி ஆணை ஒன்றின் மூலம் மூன்றாம் துணைப் பிரதமர் உண்டானார். அவருக்கான துறை: மாகாணங்களிடையே நல்லுறவு. கடைசியாக அந்த நாற்காலியில் இருந்தவர் மிலுட்டின் பெலாச். ஐந்து ஆண்டுகளில் அவர் கையெழுத்திட்ட முக்கியமான தாள், அறைக்குக் கம்பளம் கேட்ட விண்ணப்பம். கம்பளம் வந்தது. நல்லுறவு வரவில்லை.

நாடு உடைந்த வாரத்தில் பெலாச் தன் சொந்த மாகாணத்துக்கு, அதாவது திடீரென்று வெளிநாடாகிவிட்ட ஊருக்கு, வேளாண் அமைச்சராகப் போய்விட்டார். கம்பளத்தை மறக்காமல் சுருட்டிக்கொண்டு போனவர் முத்திரையை மேசையிலேயே விட்டுவிட்டார்.

கலைப்பு ஆணை வந்தது. அதில் பிரதமர் அலுவலகம் இருந்தது. முதல் துணை, இரண்டாம் துணை இருந்தார்கள். மூன்றாமவர் தனி ஆணையில் பிறந்தவர் என்பதால் பட்டியல் தயாரித்தவர் கண்ணில் படவில்லை.

நாடு இல்லை. அதன் மூன்றாம் துணைப் பிரதமர் அலுவலகம் இருந்தது.

3

அங்கே மிஞ்சியது இருவர். செயலாளர் டெசங்கா வூக்காஸ், ஐம்பத்தொரு வயது. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டிருப்பவர். ஓட்டுநர் தோமா, காரைத் திருப்பிக் கேட்க ஆளில்லாததால் அவரும் இருந்தார்.

"டெசா, நாடே போயிடுச்சு. நீ யாருக்காகக் காலையில வந்து கதவத் தெறக்கிற?"

"நாடு போச்சுன்னு டிவில சொன்னாங்க. ஆபீஸ் போச்சுன்னு யாரு சொன்னா? கடுதாசி வந்துச்சா?"

"வரல."

"அப்ப வாயை மூடிட்டுக் காப்பியப் போடு."

(இந்த உரையாடலை எனக்குச் சொன்னவர் டெசங்கா. தோமா இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் காப்பி போட்டது டெசங்காதான் என்று சொல்லியிருக்கலாம்.)

4

ஐந்தாவது வாரம் ஸெஹ்ரா வந்தாள். மருத்துவமனைத் தாதி. போஸ்னியாவில் பிறந்து, மாசிடோனியாவில் மணமாகி, கணவன் இறந்தபின் பெல்கிரேடில் வேலை பார்த்தவள். ஆறு வயது மகள் அய்லா, மாசிடோனியாவின் ஸ்கோப்யேயில் மாமியாரிடம் இருந்தாள். இடையில் புதிதாக ஒரு எல்லை முளைத்துவிட்டது. அங்கே இருந்தவன், "நீ எந்த நாட்டுக்காரி?" என்று கேட்டிருக்கிறான். அவள் பழைய பாஸ்போர்ட்டை நீட்டினாள். அவன் சிரித்தான். பிறந்த ஊரின் பதிவேடோ அலுவலகத்தோடு எரிந்துபோயிருந்தது. நகரில் பதினோரு அலுவலகங்கள் அவளை அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பின. பன்னிரண்டாவது இது.

"இங்க அதெல்லாம் தர்றதில்லம்மா," என்றார் டெசங்கா.

"இங்க என்னதான் தர்றீங்க?"

நியாயமான கேள்வி.

"நீங்க துணைப் பிரதமர் ஆபீஸ்தானே? கதவுல எழுதியிருக்கே. உங்களுக்கு மேல யாரு இருக்கா?"

டெசங்கா யோசித்துப் பார்த்தார். மேலே யாரும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"பொண்ணு பேரு என்ன?"

"அய்லா."

தட்டச்சில் தாளை மாட்டினார். இந்தத் தாளை வைத்திருப்பவர் இந்த நகரில் குடியுரிமையோடு வசிக்கிறார், மகளை அழைத்துவர உரிமை உள்ளவர் என்று நான்கு வரி. கீழே, "மூன்றாம் துணைப் பிரதமருக்காக, டெ. வூக்காஸ்." முத்திரையை ஊதி ஈரமாக்கி, மேசை அதிர ஒரு குத்து.

"செல்லுமா?" என்றாள் ஸெஹ்ரா.

"நிமிந்து நின்னு நீட்டு. செல்லும்."

எல்லையில் இருந்தவன் தாளைப் பார்த்தான். துணைப் பிரதமர் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுந்து நின்றான். ஒன்பதாம் நாள் ஸெஹ்ரா வந்தாள். ஒரு கையில் அய்லா, மறு கையில் சுட்ட குடைமிளகாய் அரைத்த ஐவார் ஒரு ஜாடி. அந்தத் தாளைக் கொண்டே பிறகு நிரந்தரக் குடியுரிமையும் வாங்கினாள்.

அடுத்த வாரம் படிக்கட்டில் வரிசை நின்றது. அந்த அலுவலகம் தொடங்கியதிலிருந்து யாரும் அங்கே எதற்கும் வரிசையில் நின்றதில்லை.

5

இந்த இடத்தில் எனக்கு டெசங்கா மீது சந்தேகம் வந்தது. இப்படியே போனால் நாற்பது பக்க முடிவில் அவருக்குத் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வந்துவிடும். அவர் வீடு புது பெல்கிரேடில் ஒன்பதாவது மாடி, மின்தூக்கி வேலை செய்யாது. மூச்சு வாங்க ஏறிப் போய் அவரிடமே கேட்டேன்.

"அம்மா, உங்களுக்கு அது பிடிச்சிருந்துச்சா?"

எண்பத்துமூன்று வயதில் ராக்கியாச் சாராயத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொன்னார்: "ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. முப்பது வருஷம் எல்லாப் பயலும் என்னை 'ஏ டெசா'ன்னு கூப்பிட்டான். அப்ப 'மேடம்'னாங்க. வந்தவங்கள வேணும்னே உக்கார வெச்சேன். நகத்துக்குப் பாலிஷ்கூடப் போட்டேன்."

"யாரையாவது இல்லேன்னு திருப்பி அனுப்புனீங்களா?"

ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ஒருத்தன். யோவிட்சா க்ர்மர். அவங்கம்மா எல்லைக்கு அந்தப் பக்கம், ஸாக்ரெபுல செத்துப்போயிட்டாங்க. அடக்கத்துக்குப் போகணும்னு வந்தான். அரை மணி காக்க வெச்சேன். கோவத்துல, 'ஏ டைப்பிஸ்ட்டு, நீ என்ன பெரிய பிரதமரா'ன்னுட்டான். முத்திரையை டிராயர்ல போட்டுப் பூட்டிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அவன் போகல. அவங்கம்மாவ யாரோ பொதைச்சாங்க."

[இங்கே ஆறுதலாக ஒரு வாக்கியம் எழுதினேன்: "ஆனாலும் அவர் செய்த நன்மைகள் தட்டின் மறுபக்கத்தில்..." முடிக்கவில்லை. அப்படியே கிடக்கட்டும்.]

6

புகார் கொடுத்தவர் யோவிட்சா. விசாரணைக்கு மூவர் வந்தார்கள். பெயர் தேவையில்லை, மூவருக்கும் ஒரே மாதிரிக் கைப்பெட்டி.

"இல்லாத நாட்டோட முத்திரையக் குத்தியிருக்கீங்க. இது குற்றம்," என்றார் முதலாமவர்.

"இல்லாத ஆபீஸ்ல நான் எப்படிங்க குற்றம் செய்ய முடியும்?" என்றார் டெசங்கா.

"ஆபீஸ் இருக்குதே! உங்களக் கலைக்கவே இல்லையே," என்றார் இரண்டாமவர், கோப்பைப் பார்த்துக்கொண்டே.

"அப்ப நான் குத்துனது செல்லும்."

மூவரும் வெளியே போய்ப் புகைபிடித்துவிட்டு வந்தார்கள். அலுவலகம் இருந்தது என்றால் தாள்கள் செல்லும். இல்லை என்றால், அதைக் கலைக்க மறந்து பதினான்கு மாதங்கள் வெளிச்சமும் வெந்நீரும் கொடுத்தவர் யார் என்று கேள்வி வரும். மறுநாள் தீர்வு கண்டார்கள். கலைப்பு ஆணை ஒன்றைப் புதிதாகத் தட்டச்சு செய்து, பதினான்கு மாதம் முந்தைய தேதியைப் போட்டார்கள். அதைத் தட்டச்சு செய்தவரும் டெசங்காதான். அவர்களில் யாருக்கும் தட்டச்சு தெரியவில்லை.

இந்த ஒரு தேதியால் அவர் கொடுத்த தாள்கள் அத்தனையும் செல்லாதவை ஆயின. ஆனால் யார் யாரிடம் இருக்கின்றன?

"பதிவேடு எங்கே?"

"வைக்கலீங்க."

முப்பது வருடம் பென்சில் வாங்கியதைக்கூடப் பதிந்து வைத்த பெண்மணி கண்ணிமைக்காமல் அப்படிச் சொன்னார். அவர்கள் நம்பினார்கள். நம்புவது அவர்களுக்கும் வசதியாக இருந்தது.

7

பதிவேடு இப்போது என் மேசையில் இருக்கிறது.

"எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு. நான் போனதும் தங்கச்சி மகன் வந்து எல்லாத்தையும் குப்பையில போடுவான்," என்று சொல்லி டெசங்கா என்னிடம் தந்தார். இருநூற்றுப் பதின்மூன்று பெயர்கள், முகவரியோடு. அதற்கடுத்த பக்கத்தில் எண் இல்லாமல் ஒரே ஒரு பெயர்: யோவிட்சா க்ர்மர்.

"அவனைப் பத்தி எழுது. வாழ்க்கைல ஒரு கதவு தெறக்கலேன்னா அதுக்குக் காரணம் சட்டம் இல்ல, நான்தான்னு அவனுக்குத் தெரியணும். மத்தவங்களப் பத்தி வாயைத் தெறக்காதே."

"அம்மா, மத்தவங்க இல்லாம அவர் எப்படி? எல்லாருக்கும் குடுத்து அவருக்குக் குடுக்காததுதானே விஷயம்?"

"நீதானே எழுத்தாளன்," என்றார் டெசங்கா. "எனக்குத் தட்டச்சுதான் தெரியும்."

பதிவேடு இருப்பதை ஒக்னியென் மோப்பம் பிடித்துவிட்டான். "சார், ஆதாரம் இல்லாம வரலாறு கிடையாதுன்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க?" என்கிறான். அவனைக் குறை சொல்லமுடியாது. ஆனால் பதிவேடு காப்பகத்துக்குப் போனால் யாரோ ஒருவர் கைப்பெட்டியோடு வந்து படிப்பார். ஸெஹ்ரா ஓய்வுபெற்றுவிட்டாள். அய்லாவுக்கு இரண்டு பிள்ளைகள். அவர்களுடைய காகிதங்கள் எல்லாம் அந்த நான்கு வரியின் மேல் நிற்கின்றன.

8

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

(அ) டெசங்காவுக்கு அரசு விருது தருகிறது. எங்கள் அரசா? அடித்துவிட்டேன்.

(ஆ) யோவிட்சாவைத் தேடிப் போகிறேன். அவர் கண்கலங்கி மன்னிக்கிறார். உண்மையில் தேடிப் போனேன். நோவி சாத் நகரில் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும், "அந்தப் பொம்பள இன்னும் உயிரோட இருக்காளா? சந்தோஷம். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும், யோசிச்சிட்டே இருக்கட்டும்," என்று கதவைச் சாத்திவிட்டார். அதை அப்படியே ஒன்பதாவது மாடிக்குக் கொண்டுபோய்ச் சொன்னேன். டெசங்கா தலையை ஆட்டினார். "சரியாத்தான் சொல்லியிருக்கான்," என்றார்.

(இ) பதிவேட்டை எரித்துவிட்டேன். அல்லது எரிக்கவில்லை. இதை உங்களிடம் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்களும் சாட்சியாகிவிடுவீர்கள்.

ஸெஹ்ராவின் பெயர் ஸெஹ்ரா இல்லை. அவள் பிறந்த ஊரை மாற்றியிருக்கிறேன். இருநூற்றுப் பதின்மூன்று என்பதும் சரியான எண் அல்ல. காப்பகத்துக்கு முப்பத்தொன்பது பக்கம் அனுப்பிவிட்டேன். பெரும்பாலும் கம்பளத்தைப் பற்றி.

நாற்பதாம் பக்கம் உங்களுடையது. உங்களில் யாராவது ஓர் அலுவலகத்தில், கண்ணாடித் தடுப்புக்கு உள்பக்கம் உட்கார்ந்திருப்பீர்கள். என்றாவது ஒருத்தி வந்து, நான்காக மடித்த பழைய தாள் ஒன்றை நீட்டுவாள். நிமிர்ந்துதான் நிற்பாள். நீங்கள் தேதியைப் பார்ப்பீர்கள், கலைப்பு ஆணைக்குப் பிந்தைய தேதி. பிறகு அவள் முகத்தைப் பார்ப்பீர்கள்.

அப்புறம் என்ன செய்தீர்கள்?