இரண்டு ரேக்கில் ஒரே கம்பி

இடுப்பு விண்ணென்று தெறித்தது. முந்தாநாள் அறுநூறு கிலோ பித்தளைக் கம்பியைக் கூலி ஆள் வைக்காமல் தானே இறக்கி அடுக்கிய வலி. முகமது இஸ்மாயில் லேத் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

கம்பி அவருடையதல்ல, பின் தெரு கோதண்டத்தின் சரக்கு. இருவருமே கம்பியை லேத்தில் கடைந்து, பிரேக்குக்குள் போகும் புஷ் என்ற சின்ன வளையம் செய்து கொடுப்பவர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பெரிய கம்பெனியிலிருந்து இருப்பு எண்ண ஆள் வந்தால், இந்தப் பட்டறைச் சரக்கு அந்தப் பட்டறை ரேக்கில் போய் நிற்கும். எண்ணி முடிந்ததும் திரும்பிவிடும். "பொண்ணு பாக்க வர்றப்போ பக்கத்து ஊட்டு நகை போட்டுக்கிறதில்ல? அதான் பாய் இது" என்று கோதண்டம் சிரித்துக்கொண்டே வண்டியில் ஏற்றிவிட்டிருந்தான்.

கம்பெனி இன்ஜினியர் நிஷா திங்கட்கிழமை அங்கே எண்ணினாள், செவ்வாய்க்கிழமை இங்கே. அதோடு சரி என்றிருந்தார் இஸ்மாயில். இன்று மறுபடி வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

"இது ஒத்திகை சார். மழையில கம்பி லாரி பத்து நாள் வரலைன்னா எங்க லைன் நின்னுடுமான்னு கம்ப்யூட்டர் ஓட்டிக் காட்டும். உங்க ரெண்டு பேர் புஷ்ஷை நம்பித்தானே எங்க பிரேக் தயாரிக்கிற லைனே ஓடுது."

திரையில் இரண்டு பச்சைப் புள்ளிகள். கோதண்டம், 600. இஸ்மாயில், 600. நாள் ஒன்று, இரண்டு என்று ஓடியது. பத்து வந்தும் பச்சை.

"எங்க கோடவுன் புஷ்ஷைத் தொடாமலே பத்து நாள் தாங்குது. அப்போ அங்க வெச்சிருக்கிற பத்து நாள் இருப்பு தண்டம். அடுத்த மாசம் எடுத்துடலாம்னு எழுதிடறேன்."

இஸ்மாயில் வெளியே ரோட்டைப் பார்த்தார். ஐப்பசி பிறந்தால் எஸ்டேட் ரோட்டில் முட்டளவு தண்ணீர் நிற்கும். லைன் நின்றால் முதலில் இவர் கழுத்தைத்தான் பிடிப்பார்கள். ஆர்டர் போனால் பட்டறை ஆட்கள் ஏழு பேருக்குச் சோறு போய்விடும்.

"ஏம்மா, ஒரு ஆளாண்ட கம்பியே இல்லன்னா இன்னா ஆவும்?"

ஒரு புள்ளிக்குக் கீழே சைபர் போட்டாள். ஆறாம் நாள் திரை முழுக்கச் சிவப்பு.

"யார்கிட்ட இல்ல சார்?"

இஸ்மாயில் லேத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"என்னாண்டதாம்மா. ரெண்டு நாளும் நீ எண்ணினது ஒரே கம்பி. கோதண்டத்துது."

"சரி, அவர்கிட்டயாவது அறுநூறு இருக்கில்ல?"

லேத்துக்கு அடியில் பித்தளைச் சுருள் குவிந்து கிடந்தது. சொந்தக் கம்பி வராததால், நேற்று அவசரத்துக்கு, கோதண்டத்தைக் கேட்காமலே அறுத்தது.

"அதுலயும் இருநூறு வெட்டிட்டேன்மா."

400 என்று மாற்றினாள். நாலாம் நாளே சிவப்பு.

"ரெண்டு பேரையுமே ரிப்போர்ட்ல எழுதித்தான் ஆகணும் சார். ஆர்டர் இருக்குமான்னு என்னைக் கேக்காதீங்க."

செல்போன் அடித்தது. கோதண்டம்.

"இன்னா பாய், பொண்ணு பாத்து முடிஞ்சிச்சா? நகையக் கழட்டி அனுப்பு, எனக்கு வேலை கீது."

இஸ்மாயில் ரேக் பக்கம் திரும்பினார். ரேக்கில் இருந்தது நானூறு. அதை அனுப்பினாலும் கோதண்டத்துக்கு அவர் இன்னும் தர வேண்டியது இருநூறு கிலோ பித்தளைக் கம்பி.